ஞானப்பிள்ளை குடியிருந்த வீடு

அன்பு மகள் அனாலினுக்கு, மாலோலோஸிலிருந்து அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளை ஜோமாரும், வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் தோஹா வெயிலில் வாடாமல் இருக்கக் குழந்தை இயேசுவிடம் தினமும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் நல்ல செய்தி. பின்வீடு காலியாகிவிட்டது, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சாவியை வாங்குவதற்குள் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது.

குடியிருந்த நெனித்தாவை உனக்குத் தெரியும், ட்ரைசிக்கிள் ஓட்டுகிற போயெத்தின் மனைவி. நல்ல பெண், வாடகை ஒரு மாதம் பிந்தியதில்லை. குடிவந்த கொஞ்ச நாளில் ஆண் குழந்தை பிறந்தது, நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும் என்று கேட்டாள். நம் ஊரில் அப்படிக் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள், புதுச் சட்டை தைத்துக்கொண்டு போய் மெழுகுவர்த்தி பிடித்தேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு வீட்டுக்காரன் இல்லை, பிள்ளையின் ஞானத்தகப்பன் என்ற முறையில் கும்பாரே ஆகிவிட்டேன், அப்படி உறவானவளிடம் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு என்று எந்த முகத்தோடு கேட்பது? நீங்கள் இரண்டு பேரும் ஒரேயடியாக ஊர் திரும்புகிறீர்கள் என்றதும் நம் வக்கீல் டிண்டோவிடம் ஓடினேன். குத்தகைப் பத்திரம் எங்கே மாமா என்றான். ஞானஸ்நானப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதைக் கொண்டுபோனா கோர்ட்டுல ஆசீர்வாதம்தான் மாமா கெடைக்கும்" என்றான். சொந்தப் பிள்ளைக்கு வீடு வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உன் அம்மா பெர்லா, தண்ணிக் குழாயை மூடிட்டா ரெண்டு நாள்ல தானா போயிடுவா என்று யோசனை சொன்னாள். அப்படிச் செய்தா வழக்கு அத்தை மேலதான் வரும் என்றான் டிண்டோ. அதற்கப்புறம் அவள் அந்தக் குழாய் பக்கமே போகவில்லை. ஜூன் மாதம் நோட்டீஸை என் கையாலேயே கொடுத்தேன். நெனித்தா நின்று படித்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கே கும்பாரே, காபி குடிக்கறீங்களா?" என்றாள். குடித்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் போயிற்று, அவள் போகவில்லை.

கோர்ட்டுக்குப் போகும் முன் பேட்டை மன்றத்தில் சமரசம் பேசியாக வேண்டும் என்பது சட்டம், அங்கே வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. டிண்டோ வாசலில் நின்று மீன் உருண்டை தின்றுகொண்டிருந்தான், நான் மட்டும் உள்ளே போனேன். நெனித்தா ஒரு தட்டு நிறைய பான்சித் நூடுல்ஸ் கொண்டுவந்து எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த பேட்டைத் தலைவர் கப்பித்தான் ரோடெலைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது, நெனித்தாவின் பையனுக்கு அவரும் ஒரு ஞானத்தகப்பன். பக்கத்தில் இருந்த சாரிங் அம்மாள் ஞானத்தாய். அந்தக் கூடத்தில் ஞானஸ்நானத்துக்கு வராதது மின்விசிறி ஒன்றுதான். கப்பித்தான் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன கும்பாரே, நம்ம பிள்ளைய நாமே தெருவுல விடறதா?" என்றார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை மகளே. பாடமாக்கிக்கொண்டு போன சட்டமெல்லாம் மறந்துபோயிற்று. "என் பிள்ளையும் பிள்ளைதானே கப்பித்தான், தோஹாவுல ஊரார் அம்மாக்களைக் குளிப்பாட்டிச் சம்பாதிச்சு அவ கட்டின வீடு, அவ குழந்தை வேற எங்க பொறக்கணும்?" என்றுதான் சொல்ல வந்தது. நெனித்தா கரண்டியைக் கீழே வைத்தாள். எத்தனை மாசம் என்று கேட்டாள். நாலு என்றேன். எனக்கும் நாலுதான் கும்பாரே என்றாள், எங்கள் யாருக்கும் அது தெரியாது. பிறகு அவளே, "கல்லறைத் திருநாள் முடிஞ்சதும் போயிடறோம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். ஜெயித்துவிட்டு வந்தேன்.

சொன்னபடியே போய்விட்டாள். தரையைத் தேய்த்துக் கழுவி, உனக்கென்று பல்பைக்கூடக் கழற்றாமல் விட்டுப் போயிருக்கிறாள். வண்டி ஏறும்போது பையன் ஓடி வந்து ஞானத்தகப்பனிடம் ஆசி வாங்குகிற மாதிரி என் கையை எடுத்து நெற்றியில் வைத்து, "நினோங், நாங்க எப்ப திரும்பி வருவோம்?" என்றான். இத்தனை மாதத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. கிறிஸ்துமஸ் பரிசை நானே கொண்டு வருகிறேன் என்றேன்.

நேற்று அடுத்த தெரு விதவை கோராசோன் வந்தாள், நெனித்தாவுக்கு இப்போது வீடு கொடுத்திருப்பது அவள்தான். ஆள் எப்படி என்று கேட்டாள். தங்கம் என்றேன், அது உண்மை. ஆனாலும் வீட்டுக்காரனுக்கு வீட்டுக்காரன் செய்கிற தர்மமாக, பத்திரம் எழுதிக்கோ, முக்கியமா ஞானஸ்நானத்துக்கு மட்டும் சம்மதிச்சுடாதே என்று காதோடு சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "புதன்கிழமையே சம்மதிச்சுட்டேனே அண்ணே" என்றாள்.

இந்த வீட்டை ஒரு வருடத்துக்கு வேறு யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது என்பதும் சட்டம்தான், ஆகவே வேறு யோசனை ஏதும் இருந்தால் விட்டுவிட்டு வந்து குடியிரு. விமானத்தில் கனமாக எதையும் தூக்காதே, ஜோமார் தூக்கட்டும். கடவுள் உங்களைப் பத்திரமாக வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பார். சாக்லேட் வாங்கும்போது என் ஞானப்பிள்ளைக்கும் ஒரு பெட்டி, மறக்காதே. நெனித்தா வயிற்றில் இருக்கிறதே அவன் தம்பியோ தங்கையோ, அதற்கும் சேர்த்து வாங்கு, அதுக்கும் ஞானத்தகப்பனாக நிற்க என்னையும் கேட்டிருக்கிறாள்.

சாவியோடு காத்திருக்கும்,
உன் அப்பா
தியோடோரோ