மண்ணுக்கு ஒரு ட்ரையல்

ஜனவரி 11, சனி

நகக்கண் எல்லாம் மண். தையல் கடைக்குத் திரும்பியதும் பட்டன் என் கையைப் பார்த்துவிட்டு, வெள்ளைத் துணி விரித்திருக்கிறேன், அந்தக் கையோடு கிட்டே வந்துவிடாதீர்கள் என்றார். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவர் வேலை. பெயரும் அதுவாகவே ஆகிவிட்டது. என் கடையில் என்னையே அதட்டுகிற ஒரே ஆள்.

இந்த மண்பாண்ட வகுப்பு மகளின் பிறந்தநாள் பரிசு. வாரத்தில் ஒரு நாளாவது மெஷினை விட்டு எழுந்திருங்கள் என்று போனிலேயே உத்தரவு. சக்கரம் கிடையாது. எல்லாம் கையால்தான் – உருட்டி, தட்டி, கீறி, ஒட்டி. இன்று கிண்ணம் செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் மண்ணை அமுக்கிக்கொண்டிருக்க, நான் பழைய நியூஸ்பேப்பர் ஒன்று கேட்டு வாங்கினேன். பேட்டர்ன் வரைந்தேன். உருட்டுக்கட்டையால் மண்ணைத் தட்டையாகத் தேய்த்து, பேப்பரை மேலே வைத்து வெட்டி, துணியில் மடிப்புப் பிடிக்கிற மாதிரி அடியில் நாலு டார்ட் பிடித்து, தையல் போடுகிற இடத்தில் கீறிச் சேறு தடவி ஒட்டினேன். கிண்ணம் எழுந்து நின்றது. டீச்சர் – என் மகள் வயசுதான் இருக்கும் – சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இந்த வகுப்புலயே உங்க கிண்ணத்துக்குத்தான் சார் இடுப்பு இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இந்த வயசில் ஒரு பாராட்டுக்கு இப்படிப் பூரித்துப் போவேன் என்று எனக்கே தெரியாது.

ஜனவரி 12, ஞாயிறு

இன்றும் மனைவி போகவில்லை.

மருந்துக்கடைக்காரம்மா வீட்டில் ஞாயிறு சாயங்காலம் நாலு பெண்கள் கூடுவார்கள். டீ, அரட்டை. அதில் இவள்தான் கதைசொல்லி. யார் எப்படி நடப்பார்கள், எப்படித் தும்முவார்கள் என்று அவள் நடித்துக் காட்டினால் வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம். விரல் மூட்டெல்லாம் வீங்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அங்கே கப் கை நழுவி விழுந்தது. நல்ல செட்டில் ஒன்று போச்சு. பக்கத்தில் இருந்தவர் மடியெல்லாம் டீ. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றோடு போவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு வந்தால் தலைவலி வந்துவிடுகிறது.

வீட்டில் எவர்சில்வர் டம்ளரைத் துண்டில் சுற்றி ரெண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். நான் பார்த்தால் திரும்பிக்கொள்கிறாள்.

ஊருக்கெல்லாம் உடம்புக்கு ஏற்ற மாதிரி தைத்துக் கொடுக்கிறவன். இவள் கைக்கு ஏற்ற மாதிரி ஒரு கப் செய்ய முடியாதா?

ஜனவரி 18, சனி

குளிருக்கு ஒரு கோட்டு தைக்கிறேன் என்று அவளிடம் சொல்லி டேப்பை எடுத்தேன். தோள், கை, மணிக்கட்டு – அப்படியே நைசாக விரலுக்கு வந்தேன். ஒவ்வொரு விரலாகச் சுற்றளவு.

“கோட்டுக்கு விரல எதுக்கு அளக்கறீங்க? கையுறையும் சேர்த்துத் தைக்கப் போறீங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது கோட்டும் தைக்கணும், கையுறையும் தைக்கணும். எனக்கு இது தேவைதான்.

ஜனவரி 25, சனி

கப் எழுந்து நின்றுவிட்டது. ஈர மண்ணில் பார்த்தால் ராஜா மாதிரி இருக்கிறது. கைப்பிடிக்கு மட்டுமே ஒரு மணி நேரம். அவள் விரல் அளவுக்கு ஒரு நூல்கூடத் தப்பாத வளையம்.

ஒன்று கற்றுக்கொண்டேன். கைப்பிடிக்கு உருட்டின மண் ஒரு பக்கம் கோணியது, நிமிர்த்திவிட்டேன். டீச்சர் வேண்டாம், புதிதாக உருட்டுங்கள் என்றாள். நிமிர்த்தினாலும் மண்ணுக்கு அது ஞாபகம் இருக்குமாம், சூளையில் வேகும்போது பழையபடி கோணிக்கொள்ளுமாம். துணியாக இருந்தால் தண்ணீர் தெளித்து ஒரு இழுப்பு அயர்ன், தீர்ந்தது கதை. இது ரோஷக்கார ஜாதி. எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை வருஷம், சொன்னபடி கேட்கிற சரக்கோடு மட்டுமே பழகிவிட்டேன் போல.

பிப்ரவரி 3

கடையில் அளவெடுக்க வந்த ஒருவரிடம் காலர் பற்றிப் பேசவேண்டியவன் கைப்பிடி பற்றிப் பேசிவிட்டேன். பட்டன் இருமினார்.

பிப்ரவரி 8, சனி

அடச்சே.

சூளையிலிருந்து கப் வந்தது. வளையத்துக்குள் விரலை விட்டேன். போகவில்லை. என் சுண்டு விரலே பாதியில் நிற்கிறது. வீங்கின மூட்டு எங்கே போகும்! மண் காயும்போது கொஞ்சம், வேகும்போது கொஞ்சம் சுருங்கும் என்று முதல் நாளே சொன்னேனே சார் என்றாள் டீச்சர். சொன்னாள்தான். காதில் விழுந்ததும் உண்மைதான்.

யாருக்கு நடந்தாலும் பரவாயில்லை, எனக்கா? காட்டன் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்காமல் கத்திரியே வைக்காதவன் நான். நனைக்காமல் அவசரப்படுத்தின கஸ்டமர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். “சுருங்கினா நீங்க சுருங்குவீங்களா?” என்று ஒருத்தரைக் கேட்டே கேட்டிருக்கிறேன். அந்த மனுஷன் இன்றைக்கு வகுப்பில் இருந்திருக்கணும்.

பட்டனிடம் காட்டினேன். ஊசி போட்டுவைக்க வசதியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 15, சனி

ரெண்டாவது கப். சுருக்கத்துக்கு விட்டு, அதற்கு மேல் கொஞ்சம் விட்டு, மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சமும் விட்டேன். ஒட்டுகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ரெட்டைத் தையல் மாதிரி. பிரியவே பிரியாது.

டீச்சர் கையில் வாங்கிப் பார்த்து, இது யாருக்கு சார் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு வாங்களேன் என்றாள். தெரிந்தால் இந்த வேலையே வேண்டாம் என்பாள், கொடுக்கும்போது தெரிந்தால் போதும் என்றேன்.

டீச்சர் கப்பைப் பலகையில் வைத்தாள். வைத்த சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 1, சனி

எதை முதலில் எழுதுவது.

கப் வெந்து வந்துவிட்டது. வளையத்தில் கை தாராளமாகப் போகிறது. கனம் அயர்ன் பாக்ஸ் மாதிரி. டீ ஊற்றினால் பயில்வான் தூக்கணும். சரி, கடைக்குக் கொண்டுபோய்ப் பிறகு யோசிக்கலாம் என்று பைக்குள் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் துவைக்கத் துண்டு தேடின மனைவி பையைத் திறந்துவிட்டாள்.

கேட்டாள். மறைக்கத் தெரியவில்லை, சொன்னேன். அளவெடுத்தது, சின்னதாகப் போனது, டீச்சர் கேட்டது, எல்லாம். சந்தோஷப்படுவாள் என்றுதானே நினைப்போம்?

“என் கையப் பத்தி நீங்களும் உங்க டீச்சரும் சேர்ந்து பேசியிருக்கீங்க. பட்டனுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல?”

கப்பை மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் என்னத்தப் பண்ணிட்டேன்? நல்லதுக்குத்தானே பண்ணினேன்? நல்லதுக்குன்னு சொல்லிக்கிட்டு ஊர் பூரா அவ கைய அளந்துக்கிட்டு இருந்திருக்கேன் – அப்படின்னும் சொல்லலாம்தான்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால், அந்த அயர்ன் பாக்ஸ் கப்பை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோபம் போகவில்லை. ஆனால் வேடிக்கை பார்க்கிற முகமும் வந்திருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும்.

“நீங்க விரல அளந்தீங்க. நான் விரல்ல பிடிக்கறதே இல்லையே. அதுதான் முடியாதே எனக்கு. இங்க பாருங்க.”

நாலு விரலையும் மடக்காமல் வளையத்துக்குள் அப்படியே நுழைத்தாள். கப்பின் வயிறு விரல்களின் முதுகில் சாய்ந்துகொண்டது. கட்டை விரல் மட்டும் மேலே ஏறி அமுக்கிக்கொண்டது. கனம் முழுக்க உள்ளங்கைப் பக்கம் போய்விட்டது. ஒரு அங்குலம் தூக்கிக்காட்டிவிட்டு வைத்தாள். இதற்குமேல் இந்தக் கல்லைத் தூக்க ஆள் வைக்கணும் என்றாள்.

இத்தனை மாசமாக எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறேன். இதைப் பார்க்கவே இல்லை. அவள் திரும்பிக்கொள்கிறாள் என்று நானும் திரும்பிக்கொண்டேன்.

தப்பு எங்கே என்று இப்போது தெரிகிறது. ஒரு சாதாரணச் சட்டையைக்கூட ட்ரையல் பார்க்காமல் நான் டெலிவரி கொடுத்தது கிடையாது. போட்டுப் பாருங்கள், கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், எழுந்திருங்கள் என்று ஆளைப் படுத்தி எடுப்பேன். இதற்கு மட்டும் ஆளே இல்லாமல் ட்ரையல் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை வர்றியா என்று கேட்டேன். யோசிக்கணும் என்றாள்.

மார்ச் 8, சனி

வந்தாள்.

வகுப்பில் யார் கண்ணையும் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்தாள். டீச்சர் புத்திசாலி, வாங்க என்றதோடு சரி, கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் மெல்லிசாகத் தேய்த்து, இந்த முறை ஒற்றைத் தையலில் கப்பை நிறுத்தினேன். கைப்பிடிக்கு அகலமான பட்டை. பெல்ட் மாதிரி. ஒட்டி, கொஞ்சம் இறுகவிட்டு, அவள் முன்னால் வைத்தேன்.

பிடி என்றேன். உடைந்துவிடும் என்றாள். உடைந்தால் திரும்பவும் மண், அவ்வளவுதான் என்றேன்.

நாலு விரலையும் நுழைத்தாள். கட்டை விரலால் மேலே அமுக்கினாள். பலமாகவே அமுக்கிவிட்டாள். பட்டையில் பள்ளம் விழுந்தது. கப்பின் வயிறு அவள் மூட்டுகள் பட்ட இடத்தில் உள்ளே போய், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கோணலைப் பார்த்துச் சும்மா இருந்து பழக்கமில்லை. ஸ்பாஞ்சை நனைத்துக்கொண்டு கையை நீட்டிவிட்டேன்.

“தொடாதீங்க. இப்பத்தான் கை உட்கார்ந்திருக்கு.”

ஸ்பாஞ்சைக் கீழே வைத்தேன். சுருக்கத்தைத் தேய்த்துத் தேய்த்தே சோறு தின்றவன் நான். அந்தக் கோணலைத் தொடாமல் விட்டதுதான் இந்த வகுப்பில் நான் செய்த பெரிய வேலை என்று இப்போது தோன்றுகிறது. அங்கே அப்படித் தோன்றவில்லை.

வரும் வழியில், பக்கத்து மேஜைக்காரர் நாக்கைத் துருத்திக்கொண்டு மண் உருட்டுவதை நடித்துக்காட்டினாள். நடுத்தெருவில். நான் சிரித்ததில் ஒரு நாய் குரைத்தது.

மார்ச் 12

சுருக்கம், பள்ளத்துக்கும் சேர்த்துத்தானே? அவள் கை மட்டும் சுருங்காதே? டீச்சருக்குப் போன் செய்தேன். அதற்கும் சேர்த்துத்தான் பெரிதாக அமுக்கச் சொல்லி உங்கள் வீட்டம்மாவிடம் காதோடு சொன்னேன் என்றாள். என்னிடம் யாருமே எதுவுமே சொல்வதில்லை. நன்றாக வேண்டும் எனக்கு.

மார்ச் 22, சனி

பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸில் நீலம் கேட்டோம். வந்தது வெந்த கீரை நிறம். கோணல் வாய். வயிற்றில் நாலு பள்ளம். பக்கத்து மேஜையில் வழுவழுவென்று ஒரு பூச்சாடி, அதன் பக்கத்தில் இது – சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி நிற்கிறது.

வீட்டில் டீ ஊற்றினேன். முக்கால் கப். நுழைத்தாள், அமுக்கினாள், தூக்கினாள். ஒரே கை. குடித்தாள். கோணல் வாய்ப்பக்கம்தான் உதட்டுக்குச் சரியாக இருக்கிறதாம். இன்னொரு வாய் குடித்தாள். நான் மூச்சுவிடவே இல்லை என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

சர்க்கரை போட மறந்துட்டீங்க என்றாள். ஆமாம், அழுதேன். இங்கே எழுதுவதற்கென்ன வெட்கம்.

மார்ச் 23, ஞாயிறு

போகவில்லை. தலைவலியாம். கப் செய்தால் ஆள் கிளம்பிவிடுவாள் என்று எந்த முட்டாள் நினைத்தான்? நான்தான்.

மார்ச் 30, ஞாயிறு

மதியம் துணிப்பையில் துண்டை விரித்தாள். அதில் கப்பைச் சுற்றினாள். புடவை மாற்றிக்கொண்டாள். எங்கே என்று கேட்கக்கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, கதவைத் தாழ் போட்டுவிடாதீர்கள், வர நேரமாகும் என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசியில் நூல் கோத்தேன், உருவினேன், கோத்தேன். டீ சூடாக இருந்தால்? முழுசாக ஊற்றிவிட்டால்? எல்லோரும் அவள் கையையே பார்த்தால்? ஒட்டின இடம் விட்டுவிட்டால்?

இருட்டுகிற நேரத்தில் வந்தாள். பையை மேஜையில் வைத்தாள். உள்ளே கலகலவென்று சத்தம். துண்டைப் பிரித்தால் கீரை நிறத்தில் அஞ்சாறு சில்லு. கைப்பிடி தனியாக.

போச்சு, இனி இவள் எங்கேயும் போகமாட்டாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்க்கிறேன், சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“கை நழுவலங்க. நீங்க ஸ்பாஞ்ச எடுத்துக்கிட்டு ஓடி வந்ததை நடிச்சுக் காட்டிட்டிருந்தேன். வேகத்துல மேஜை முனையில இடிச்சுட்டேன்.”

மருந்துக்கடைக்காரம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாராம். அப்புறம் டீ எப்படிக் குடிச்சே என்று கேட்டேன்.

“அவங்க டம்ளர்லதான். ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சேன். எல்லாரும் பார்த்தாங்க. பார்க்கட்டும், கதை பாதியில நிக்குதில்ல?”

சில்லுகளைக் கூட்டி ஒரு பேப்பரில் வைத்தேன். மூணு மாச வேலை. வருத்தமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவள் உள்ளே மகளிடம் போனில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை வர்றியா என்று என் குரலில் அவள் கெஞ்சுவது இங்கே வரைக்கும் கேட்கிறது.