தலையில் கம்பி மாட்டிய கதை

அன்பு மகளுக்கு, அப்பா ஆசியுடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், கடையும் சுகம். அங்கே நீயும், நீ ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி ஊசி முனையில் கட்டிக் காக்கிற அந்த ஒற்றை நரம்பு செல்லும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரை படித்துவிட்டு அழு.

நான் மூளைப் பரிசோதனைக்குப் போகாவிட்டால் ஆராய்ச்சியைப் போட்டது போட்டபடி விமானம் ஏறிவிடுவேன் என்று மிரட்டினாயே, போய் வந்துவிட்டேன். பேசிக்கொண்டே இருக்கும்போது நான் சிலை மாதிரி நின்றுவிடுகிறேன் என்று அம்மா உன்னிடம் கோள் சொன்னது நிஜம்தான். ஆனால் கடையில் யாரும் அதை வியாதி என்று நினைக்கவில்லை. வாளி வாங்க வந்தவர் விலையைக் குறைக்கச் சொல்லுவார், நான் கண் கொட்டாமல் பார்த்தபடி நிற்பேன், அவரே பயந்துபோய், சரிங்க முதலாளி, உங்க விலைக்கே போடுங்க, அதுக்கு ஏன் இப்படி முறைக்கிறீங்க என்பார். எனக்கு நினைவு திரும்பும்போது வியாபாரம் படிந்திருக்கும். லாபம் தருகிற வியாதியை எந்த வியாபாரி விரட்டுவான், நீயே சொல்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என் தலை முழுக்கப் பசை தடவிக் கலர் கலராகக் கம்பிகளை ஒட்டினாள். வயதில் உன்னை மாதிரி, அதட்டலில் உன் அம்மா மாதிரி. கண்ணை மூடிச் சும்மா இருங்க என்றாள். சும்மா இருந்து எனக்கு என்ன பழக்கம், மனதுக்குள் அடுத்த லோடுக்குப் பேரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஐயா, பல்லைக் கடிக்காதீங்க, திரை பூரா கிறுக்கலா வருது, தாடைதான் தெரியுது, மூளையைக் காணோம் என்றாள். உடனே உன் அம்மா, கல்யாணம் ஆனதிலேருந்து நானும் தேடுறேன், கிடைச்சா சொல்லும்மா என்றாள். பிறகு அந்தப் பெண் வேக வேகமாக மூச்சு விடச் சொன்னாள், விட்டேன், அவ்வளவுதான் ஞாபகம். தெளிந்து பார்த்தால் அந்தப் பெண் என் கையைப் பிடித்திருந்தாள், அம்மா முகத்தில் சிரிப்பு இல்லை.

நரம்பு டாக்டர் கோடுகளைக் காட்டினார். தலைக்கு வெளியே ஒட்டுகிற கம்பி சந்தை வாசலில் நின்று இரைச்சல் கேட்பது, உன் ஊசி ஒரே ஒரு கடைக்காரர் வாயருகே காது வைப்பது என்று நீ சொன்னாயே, அது அன்றுதான் புரிந்தது. ஆளுக்கொரு விலை கத்தினால்தான் அது சந்தை. என் தலையில் திடீரென்று எல்லா நரம்பு செல்லும் ஒரே விலையை ஒரே குரலில் கத்தியிருக்கின்றன. இதுவும் ஒரு வகை வலிப்புதான், மாத்திரையில் அடங்கும் என்றார். ஆனால் அடங்கும்வரை நம் சரக்கு வேனைத் தொடக் கூடாதாம். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தானே இந்தக் கடையையே வளர்த்தேன். காலையில் மட்டும், கிட்டத்தில் மட்டும் என்று இறங்கி வந்து பார்த்தேன், அவர் மசியவில்லை. கடைசி ஆயுதமாகப் பேசாமல் முறைத்தேன். மனுஷன் பதறி எழுந்து கண்ணில் டார்ச் அடித்து, ஐயா, உங்க பேர் என்ன என்றார். பேர் கிடக்கட்டும் டாக்டர், வாரத்துல ஒரு நாளாவது விடுங்க என்றேன். முறைத்தும் நான் தோற்ற முதல் பேரம் அதுதான்.

வெளியே வந்தபோது ரோட்டில் ஒரு லாரி சீறிப் போயிற்று. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் முறைத்தால் விலகிப் போக அது என்ன வாளி வாங்க வந்தவரா? வேனில் என் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காருகிறவள் உன் அம்மா. சாவியை அங்கேயே அவள் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது உன் மாமா ஓட்டுகிறார், ஓட்டுகிறார் என்ன, வண்டியைக் கெஞ்சிக் கூட்டிப் போகிறார்.

நீ விமானம் ஏற வேண்டாம். அந்த செல் வாய் திறக்கிறவரை பக்கத்திலேயே இரு, நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் ஜெயிக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, போனில் நான் பேசாமல் இருந்தால் அப்பா, அப்பா என்று அலறாதே. மாத்திரை தவறாமல் போடுகிறேன். இனிமேல் நான் பேசாமல் இருந்தால், நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
சாவியைக் கொடுத்துவிட்ட உன் அப்பா