வலது காதைத் தொட்டால் பாட்டு

4-8-72, வெள்ளி

விடியலிலிருந்து மழை. நேற்றுத் துவைத்த இரண்டு சேலையும் ஈரம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை டியூட்டி. "நம்பர் ப்ளீஸ்" சொல்லிச் சொல்லி வாய் வறட்சி.

மாலை அண்ணன் வீட்டுக்குப் போனால் கூடத்தில் ஒரு நாயர். சுதந்திர வெள்ளிவிழாக் கமிட்டி செகரட்டரியாம். பதினைந்தாம் தேதி அண்ணனுக்குச் சால்வை போடுகிறார்கள். நாடக மேடையில் வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடி ஆறு மாதம் ஜெயிலில் இருந்தவர் வலியசாலையில் வேறு யார்?

"சார் அன்னைக்குப் பாடின அதே பாட்டு தன்னே பாடணும். நாலு வரி மதி." நாலே வரி போதுமாம்.

அண்ணன் வாயைத் திறக்குமுன் மதினி முந்திக்கொண்டாள். "பாடுவாவ. பாடாம என்ன?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பஜ்ஜித் தட்டைப் பார்த்தேன்.

வாங்க வேண்டியது: கடுகு, சோப்பு, குடைக்கு ஒரு கம்பி.

5-8, சனி

மழை விட்டு விட்டு. மத்தியானம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் அண்ணன், குடையோடு. ஐம்பத்தாறு வயசு ஆள், பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி நிற்கிறான்.

"கோமு, ஒரே ஒரு தடவ."

"என்னது ஒரு தடவ?"

"மறைவில நின்னு பாடு. ஹால்ல பக்கப் படுதா இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

முடியாது என்று சொல்லிப் பஸ் ஏறினேன். தப்பான பஸ். பேட்டையில் இறங்கித் திரும்ப நடந்தேன். செருப்பு வார் அறுந்தது. எல்லாம் அவனால்.

6-8, ஞாயிறு

லீவு. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பானையைக் கழுவி, கழுவிய பானையை மறுபடி கழுவி. எழுதிவிட்டால் அடங்கும்.

பாடியது அண்ணன் இல்லை. நான்.

அப்பாவின் நாடகக் கம்பெனி. அப்பா ராஜபார்ட், சித்தப்பா ஆர்மோனியம், அம்மா உடுப்புத் தையல், அண்ணன் ஸ்திரீபார்ட். தினைப்புனம் காக்கும் குறத்தியாக வந்தால் ஊர் மயங்கும். பதினாறில் அவன் குரல் உடைந்தது. நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். அதோடு பையன்களுக்குப் பெண் வேஷம் போயிற்று. வேறு குறத்தி இல்லை, நாள் குறித்தாகிவிட்டது. அப்பா என்னைப் பக்கப் படுதாவுக்குப் பின்னால் நிறுத்தினார். எனக்குப் பன்னிரண்டு.

அண்ணன் வலது காதைத் தொட்டால் நான் தொடங்க வேண்டும். இடுப்பில் கை வைத்தால் நிறுத்த வேண்டும். வாய் அவனது, குரல் என்னது. வெளியே மூச்சு விடக் கூடாது. "வீட்டுப் பொண்ணு மேடைல பாடுதான்னு தெரிஞ்சா எவன் கெட்டுவான்?" இது அப்பா.

வள்ளியூர்ப் பக்கம் ஓர் ஊர். அப்பா கட்டிய பாட்டு: "கப்பல் ஏறி வந்த குருவி, கதிரை விட்டு ஓடு." அந்தக் குருவி யாரென்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஜனங்கள் மூன்றாம் தடவை பாடச் சொன்னபோது போலீஸ் மேடை ஏறியது. குறத்தியைச் சேலையோடு பிடித்தார்கள். நான் படுதாத் துணியைக் கடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் "நான் பாடல" என்று ஒரு சொல் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் ஆறு மாதம்.

அப்புறம் அவன் பாடவே இல்லை. ஜெயில் களி தொண்டையைத் தின்றுவிட்டது என்பான். அப்பாவுக்குப் பிறகு அவன்தான் ராஜபார்ட் ஆகியிருக்க வேண்டும். பாடாத ராஜபார்ட் யாருக்கு வேண்டும்? கம்பெனி போயிற்று. சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷம் ஜவுளி கிழித்தான்.

எழுதியும் அடங்கவில்லை.

8-8, செவ்வாய்

குளிக்கும்போது பாட்டு தானாக வந்தது. மேலே கொஞ்சம் பிசிறு. மற்றபடி குரல் அப்படியே இருக்கிறது! பாழாய்ப்போன சந்தோஷம்.

பொறாமை உண்டு. ஆமாம், பொறாமைதான். அந்தப் பாட்டுக்கு ஒரு ஆள்கூடக் கைதட்டி என் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் களி தின்றது அவன். நான் பேச வாய் ஏது? இரண்டு பக்கமும் நானே வக்கீல், தீர்ப்புதான் இல்லை.

மாலை போய்ச் சரி என்றேன். அண்ணன் அழுதுவிட்டான். எரிச்சலாக வந்தது.

9-8, புதன்

ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு அடுக்களையில் சாதகம். சாம்பார் அடிப்பிடித்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா மதில் மேலே தலை நீட்டினாள்.

"சேச்சி, இப்போ ரேடியோல பாடினது யாரு? கொள்ளாமே!" நன்றாயிருக்கிறதாம்.

"யாரோ பழைய ஆளு," என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் காது சிவக்கிறது.

11-8, வெள்ளி

மதினி திப்பிலி இடித்துக்கொண்டிருந்தாள், அண்ணனுக்குக் கஷாயம் போட. கல்யாணம் ஆன நாள் முதல் போடுகிறாள். போலீஸ் கெடுத்த தொண்டையைத் தான் மீட்டுவிடலாம் என்று அவளுக்கு எண்ணம்.

"உங்க அண்ணன் பாடி நான் ஒரு தடவகூட கேட்டதில்ல, கேட்டியா. பிள்ளைக்குத் தாலாட்டுகூட நான்தான். பதினஞ்சாம் தேதி அந்தக் கொரல ஒருக்க கேட்டுட்டா போதும் கோமு."

இடித்த திப்பிலியை எனக்கும் ஒரு சிட்டிகை தேனில் குழைத்துத் தந்தாள். விழுங்கினேன்.

வெளியே வந்து அண்ணனிடம், "மதினிகிட்ட சொல்லிரு," என்றேன். "கல்யாணம் ஆகி முப்பத்திநாலு வருசம் ஆச்சு, இனி எந்த வாயால சொல்ல?" என்றான்.

13-8, ஞாயிறு

ஹாலில் ஒத்திகை. நாயரை டீ குடிக்க அனுப்பிவிட்டு. ஆர்மோனியக்காரருக்கு என்று படுதாவுக்குப் பின்னால் ஒரு மைக் கேட்டு வாங்கியிருக்கிறான். திருட்டுத்தனத்தில் குறைவில்லை.

காதைத் தொட்டான். தொடங்கினேன். அடேயப்பா! அவன் உதடும் என் மூச்சும் ஒரு மயிரிழை பிசகவில்லை. முன்வழுக்கை, தொப்பை, ஆனாலும் கழுத்தைச் சாய்த்தபோது குறத்தி வந்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டியது. திட்டிவிட்டு வந்தேன், "வாய ரொம்பத் திறக்கே, மூடு."

14-8, திங்கள்

கொல்லம் கேட்டவருக்குக் கோட்டயம் கொடுத்தேன். சூப்பர்வைசர் முறைத்தாள்.

சுக்கு வெந்நீர் மூன்று தடவை. நீலச் சேலை இஸ்திரி. யார் பார்க்கப் போகிறார்கள்?

15-8, செவ்வாய்

காலை பத்து மணி. வெயில். கொடி, மிட்டாய், பேச்சு, பேச்சு, பேச்சு. நான் பதினொன்றிலிருந்து படுதாவுக்குப் பின்னால். தூசி. தும்மல் வந்துவிடுமோ என்று பயம். படுதா இடுக்கில் முன்வரிசை தெரிந்தது. நடுவில் மதினி, அரக்குப் பட்டில். காதுக்குப் பின்னால் கையை வைத்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சால்வை போட்டார்கள். அண்ணன் மைக்குக்கு வந்தான். நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

அவன் கை எழவில்லை. தொங்கியபடியே இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அவனே பாடினான்.

சுருதி இல்லை, தாளம் இல்லை. "கப்பல் ஏறி" என்பதிலேயே குரல் இரண்டாகப் பிளந்தது. நாலு வரியையும் பாடித்தான் நிறுத்தினான். நாயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெயிலில் போன தொண்டையாணு!" என்று மைக்கில் சொல்ல, ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

மதினி மட்டும் எழவில்லை. கை மடியில் இருந்தது.

நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். கோபம். பத்து நாள் என்னைக் கிளப்பிவிட்டு, கடைசியில் நான் வேண்டாமாம். நீலச் சேலையைக் கழற்றி எறிந்தேன். அப்புறம் நானேதான் மடித்து வைத்தேன்.

16-8, புதன்

லீவு சொல்லிவிட்டேன். தலைவலி என்று. தூறல்.

ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் நாற்காலி நுனியில். நான் காபிகூடக் கேட்கவில்லை.

"மேடைல நின்னு அவ மொகத்தப் பாத்தேன் கோமு," என்றான். "இன்னொரு தடவ உன் பாட்டுக்கு நான் சால்வ வாங்கவா? கை எந்திரிக்கல."

"அத முன்னாடியே சொன்னா என்ன?"

"முன்னாடி தோணல."

நேற்று வீட்டுக்குப் போனதும் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். ராத்திரி சமைக்கவில்லையாம். அவள் கண் வீங்கியிருந்தது.

"நேத்து அவ்வொ பாடுனதக் கேட்டதும் எனக்குச் சந்தேகம். இந்தக் கொரலுக்கு எந்தப் போலீஸ்காரன் மெனக்கெட்டு வருவான்?" என்றாள். "முப்பத்திநாலு வருசம் திப்பிலி இடிச்சிருக்கேன். அந்தக் கசாயமெல்லாம் உனக்குல்லா தந்திருக்கணும். பாடு, கேக்கட்டு."

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். "பொய்," என்றாள்.

எழுந்து போய் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினேன்.

"அங்க போய் எதுக்கு நிக்கே?" மதினி குரல். "முன்னால வா. மொகத்தப் பாத்துக் கேக்கணும்."

வந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து, வலது காதைத் தொட்டான்.