ஜெயராம் முட்டை போட்டது

என்னங்க,

“ரெண்டும் ஆம்பளைதான்டி!” என்று காலையில் நீங்கள் கத்திவிட்டு வெளியே போன கையோடு, நேற்று வாங்கிய, தண்ணீரில் வாழும் பல்லி மாதிரியான அந்த ரெண்டு சாலமாண்டர்களில் உங்கள் அண்ணன் ஜெயராமின் பெயரை நீங்கள் வைத்தீர்களே, அது தொட்டியில் முட்டை போட்டுவிட்டது. வாலடி புடைத்திருந்தால்தான் ஆணாம். கீழ்வீட்டுக் கிரிஜா சொன்னாள். நான் கூப்பிடவில்லை, சத்தம் கேட்டு அவளே ஏறி வந்தாள்.

வருஷக்கணக்காகப் பேசாத அண்ணன் இன்று நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து சாப்பிட வருகிறார். அவர் முன்னால் “ஜெயராமுக்குப் புழு போட்டாச்சா?” என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். புழு ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாவில் இருக்கிறது, தயிரைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டேன். தொட்டி ஹீட்டரைப் பிடுங்கிவிட்டேன், அதுகளுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் ஆகுமாம்.

செண்பகம்

பி.கு.: முட்டையை அதுகளே தின்றுவிடுமாம். அதனால் உங்கள் அண்ணனும், இன்னொன்றுக்கு என் தம்பி பெயரை வைத்தீர்களே, அந்த மாப்பிள்ளையும் குளியலறை வாளிக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.