பற்றரி கழற்றிய பிறகும்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொடியில் போட்ட சட்டை இன்னும் ஈரம்.

ரொபோ இன்றும் வழுக்கியது. ஏறுவதில் குறையில்லை. இரண்டு ரப்பர் உருளைகள் கம்பத்தைக் கவ்விக்கொள்ள, மோட்டார் சுற்ற, உச்சிவரை போகிறது. சனிக்கிழமை கண்டியில் நடக்கும் போட்டியின் விதிதான் வில்லங்கம். உச்சியைத் தொட்டதும் நடுவர் கீழே உள்ள பற்றரியிலிருந்து வயரைப் பிடுங்குவார். விசில் ஊதும்வரை அப்படியே தொங்க வேண்டும். இறங்கினால் பூச்சியம்.

நுவன் போட்ட திருகுப் பற்சக்கரம் பின்பக்கம் சுற்றாது என்கிறது புத்தகம். மத்தியானம் கரண்ட் போய் வெளியே ஜெனரேற்றர் ஓடியது. கம்பம் அதிர அதிரச் சாமான் விரல் விரலாகக் கீழே வந்தது. ஜெனரேற்றர் புத்தகம் படிக்கவில்லை.

றிஸ்வான்: "போட்டி மண்டபத்துல பைலா பாட்டு சத்தமாப் போடுவாங்க. அப்ப இன்னும் நல்லா எறங்கும்."

எங்கள் கம்பஸ் குழுவில் மூன்று மாணவர்கள். நுவன் தலைவன், மாத்தறைப் பக்கம். றிஸ்வான் அக்குறணை. நான் கோண்டாவில். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை.

இறங்காமல் தடுக்கும் பிடியை நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு.

ஒக்டோபர் 16, வியாழன்

வாங்க: சவர்க்காரம், போல்ட், சின்ன ஸ்பிரிங், தலையிடிக் குளிசை.

மோட்டாரைப் பிடித்து வைக்கப் பார்த்ததே பிழை. இறங்கப் பார்த்தால் தன் பாரத்தாலேயே இறுக வேண்டும். உருளைகளுக்குக் கீழே இரண்டு சாய்ந்த தாடைகள். மேலே போகும்போது உரசிக்கொண்டு போகும். கீழே இழுத்தால் கம்பத்தைக் கடிக்கும். பாரம் கூடக் கூடக் கடியும் கூடும். கழற்ற, ஒரு கயிற்றை இழுத்தால் போதும்.

தாடைக்கு ரப்பர்: என் குளியலறைச் செருப்பு. வெட்டியாயிற்று. இனி வெறுங்கால்.

முதல் தரம் தலைகீழாகப் பூட்டிவிட்டேன். ஏறவே மறுத்தது. றிஸ்வான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் கொட்டியது.

திருப்பிப் பூட்டி, வயரைப் பிடுங்கினேன். நுவன் இரண்டு கையாலும் கம்பத்தை உலுப்பினான். அசையவில்லை. றிஸ்வான் தன் புத்தகப் பையையும் அதில் கொழுவிப் பார்த்தான். அசையவில்லை.

கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

எங்கோ குண்டு வெடித்ததாம். கண்டிக்குள் போகும் வழியெல்லாம் சோதனை.

அம்மாவின் போன். "வயரும் பற்றரியும் தூக்கிக்கொண்டு ரோட்டிலை திரியாதை பிள்ளை."

"ஓம் அம்மா."

"ஓம் எண்டு சொல்லுவாய். கேக்க மாட்டாய்."

பெற்றவருக்குத் தெரியாதா.

பின்னேரம் நுவனும் றிஸ்வானும் வந்தார்கள். நிலத்தைப் பார்த்தபடி நுவன் சிங்களத்தில் சொன்னான்: றிஸ்வானின் வாப்பாவின் வேனில் அவர்கள் இரண்டு பேரும் ரொபோவைக் கொண்டு போவார்களாம். நான் கையில் ஒன்றும் இல்லாமல் தனியாக பஸ்ஸில் வர வேண்டுமாம். எனக்கு நல்லதாம்.

அதைச் செய்தது நான், தூக்குவதும் நான் என்றேன்.

"ஒங்கட ஐ.சி. அட்டையில யாழ்ப்பாணம்ண்டு பாத்தா வேனயே பிரிச்சிப் போடுவாங்க கௌரி" என்றான் றிஸ்வான். "பெறகு மூணு பேரும் உள்ள. ரொபோவும் உள்ள."

ரொபோவுக்காக ஒத்துக்கொண்டேன். கோபம் அவர்கள் மேல் இல்லை. யார் மேல் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

ஒக்டோபர் 18, சனி



சொன்னபடி வெறுங்கையோடு போனேன். நகருக்குள் நுழையும் இடத்தில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. இறங்கு என்றார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. கொட்டிலுக்குள் உட்கார ஒரு வாங்கு. இரு என்றார்கள். நின்றேன்.

பெண் பொலிஸ் ஒருத்தி சிங்களத்தில் கேட்டாள். "கையில் ஒன்றும் இல்லாமல் எங்கே போகிறாய்?"

கொண்டு போனாலும் குற்றம், கொண்டு போகாவிட்டாலும் குற்றம்.

"நான் செய்த மெஷினைப் பார்க்க."

"எங்கே மெஷின்?"

"உங்களைத் தாண்டிப் போய்விட்டது."

சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நெடுநேரம் கூட நிற்க வைத்தார்கள். சரி, நின்றேன். இன்னொரு தரம் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கம்பஸ் அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். எங்கெங்கோ போன் எடுத்தார்கள். பின்னேரம் பெரியவர் ஒருவர் வந்து "போ" என்றார். ஏன் மறித்தார்கள், ஏன் விட்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

மழைக்குள் நடந்தே போனேன். மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போட்டி முடிந்துவிட்டது. வாசலில் றிஸ்வான்.

"வேனத் தொறக்கவே இல்ல கௌரி. நுவன் சிங்களத்துல கம்பஸ்ண்டு சொன்னான், போகச் சொன்னாங்க."

வயர், பற்றரி, எல்லாம் போயிருக்கிறது. என்னைத்தான் விடவில்லை.

"ரொபோ?"

உள்ளே கையைக் காட்டினான்.

கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. பற்றரியைப் பையில் கட்டியாயிற்று. ஏறியது மந்தம் என்று பரிசு இல்லை. போகட்டும். பைலா அதிர, விசில்வரை இம்மியும் இறங்கவில்லையாம். விசிலுக்குப் பிறகு நுவன்தான் அதை இறக்க விடவில்லை. செய்தவள் வந்து எடுப்பாள் என்று கம்பத்தடியிலேயே நின்றிருக்கிறான். மண்டபக்காரர் திரும்பத் திரும்ப வந்து ஏசினாராம்.

"கயித்த இழுத்தா வந்துரும்ண்டு எனக்கும் தெரியும்" என்றான் றிஸ்வான். "அவருக்கு நான் சொல்லல்ல."

நுவன் கயிற்று நுனியை என் கையில் தந்தான். அவன் கண்ணைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று மேலே பார்த்தேன்.

மண்டபக்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். "சீக்கிரம் கழட்டுங்க மிஸ். பூட்டணும்."

"பொறுங்கோ அண்ணை" என்றேன். "நான் இப்பதான் பாக்கிறன்."