ஆட்டுத்தோலுக்கு அடியில்

நவம்பர் 9, சனி

என் மகள் வசீலா இன்று வண்டி நிறையப் பயணிகள் முன்னால் என்னை அவமானப்படுத்தினாள். எங்கள் கைரவான் ஊர் வேன் நிலையத்தில் என் வேனின் முன் இருக்கையில் ஏறியவள், இருக்கைமேல் தைத்திருந்த ஆட்டுத்தோலின் ஓரத்தைத் தூக்கி, அடியில் புதைந்து கிடந்த கொக்கியைத் தேடி எடுத்து பெல்ட்டை மாட்டினாள். முப்பத்தெட்டு வருஷமாக சூஸ் நகரத்துக்கு ஆள் ஏற்றி ஓட்டுகிறேன். ஓட்டவும் எழுதவும் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இதுவரை வண்டியில் ஒரு கீறல் உண்டா?

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குப்பா. எதிர்ல வர்றவன் மேல இல்ல. இப்ப நான் ஒத்த ஆளும் இல்ல." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ஏழாம் மாதம்.

பின்னாலிருந்து ஒருவன், "பெத்த மகளே நம்பலன்னா நாங்க எந்த தைரியத்துல உக்கார்றது பெரியவரே?" வேனே சிரித்தது.

சூஸில் அவள் இறங்கும்போது சொல்லிவிட்டேன்: பெல்ட் கட்டித்தான் வருவாய் என்றால் என் வண்டியில் ஏறாதே.

நவம்பர் 10

நஸீஹா சூப்பை வைத்துவிட்டு வசீலாவோடு போனில் பேசப் போனாள். என் பெண்டாட்டியும் மகள் பக்கம்தான்.

நவம்பர் 16, சனி

வசீலா புருஷனைப் பார்க்க சூஸுக்குப் பேருந்தில் போனாளாம். நின்றுகொண்டே. நானா போகச் சொன்னேன்? — நான்தான் சொன்னேன்.

என் சிநேகிதன் முன்ஜி மட்டும்தான் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. இருபது வருஷமாக, வசீலா வராத நாளெல்லாம் முன் இருக்கை அவனுக்குத்தான். சோதனைச்சாவடி வந்தால் பெல்ட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்துக் கையால் பிடித்துக்கொள்வான், தாண்டியதும் விட்டுவிடுவான். "உன் வண்டில பெல்ட்டு மாட்றதும் உன்ன அறையறதும் ஒண்ணுடா" என்றான். மனசு குளிர்ந்தது.

நவம்பர் 19

முன்ஜி ஆஸ்பத்திரியில்.

நவம்பர் 21

எழுதித்தான் ஆக வேண்டும். முந்தாநாள் சாவடியைத் தாண்டினோம். முன்ஜி பெல்ட்டை விட்டுவிட்டுப் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்தான். ஒலிவத் தோப்பிலிருந்து மூட்டை ஏற்றிய மோட்டார் வண்டி ஒன்று சட்டென்று சாலையில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் இடைவெளியில் நிறுத்திவிட்டேன், எதிலும் இடிக்கவில்லை. வண்டி நின்றது. முன்ஜி நிற்கவில்லை.

முகம் வண்டியின் முன் கண்ணாடியில். இடது கண் போய்விட்டது.

போலீஸிடம், பெல்ட் போட்டிருந்தேன், கொக்கி கழன்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறான்.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், "ஏண்டா பொய் சொன்ன?"

"உன் லைசன்ஸ் போயிடும்ல."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு, "ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டுதான்டா வந்தேன். மாட்டுனா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ."

இருபது வருஷம்.

நவம்பர் 22, வெள்ளி

பிரேக் சரியாகத்தான் பிடித்தேன். எட்டுப் பேர் முன்னால் வசீலா செய்ததும் தப்புத்தான். இரண்டிலும் என் பேச்சு மாறாது. ஆனால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

ஆட்டுத்தோல்கள்: இருக்கையோடு சேர்த்துத் தைத்தவள் நஸீஹா. பிரித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டியது நான்.

போலீஸ்: திங்கட்கிழமை, நான். முன்ஜி பெல்ட் போடவில்லை, கொக்கி என் தோலுக்கு அடியில் கிடந்தது என்று. லைசன்ஸ் போனால் போகட்டும்.

நாளை சனி. பேருந்து வருமுன் நிறுத்தத்துக்குப் போய் வசீலாவைக் கூப்பிட வேண்டும். வர மாட்டேன் என்றால் மறுபடி கூப்பிட வேண்டும்.

அவள் மாட்டும் வரை சாவியைத் திருப்பக் கூடாது.

என் இருக்கைக் கொக்கியும் எங்கேயோ அடியில்தான் கிடக்கிறது. அதைத் தேடி எடுக்க வேண்டியதும் நான்தான்.