நிப்றாஸ் தொழுகையில் எழும்பும் விதம்

குறிஞ்சாக்கேணி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றிஷானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் நானும் அல்லாஹ்வின் உதவியால் எழும்பி நடமாடுகிறோம். லண்டனில் நீயும் மருமகனும் பேரன் நஸ்ரியும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். எனக்குக் கண் தெளிவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை நப்லா எழுதுகிறாள், முடிந்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். போனில் சொல்ல இரண்டு தரம் எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் ஏலவில்லை. முதலே சொல்லிவிடுகிறேன். உனக்கு மூத்தவள் ஸுல்பிகா ராத்தாவின் மகன் நிப்றாஸுக்குத் தசைகளில் ஒரு நோய். அது நஸ்ரிக்கும் இருக்கலாம் என்று பயப்படுகிறேன்.

மஃரிப் தொழுகைக்கு நிப்றாஸ் வாப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பான். உனக்குத் தெரியும், வாப்பா துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் கயிறு இழுத்து முழங்கால் தேய்ந்தவர், நெற்றி தரையில் வைத்த ஸுஜூதிலிருந்து கையைத் தொடையில் ஊன்றி ஊன்றித்தான் எழும்புவார். இவனும் அப்படியே, முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முழங்கால், தொடை என்று தன் காலிலேயே கையால் ஏறி எழும்புவான். அடுத்த வீட்டு பஸ்மியா, "அந்தா எழும்புறாரு சின்ன ஹாஜியார்! முழங்கால் நோவா ஹாஜியாரே, எண்ணெய் பூசிடவா?" என்று கேட்பாள், அவனும் சேர்ந்து சிரிப்பான். வாப்பாவுக்கு ஒரே பெருமை. நப்லா மட்டும் சிரிக்கவில்லை. "வாப்பாவப் பாத்துப் பழகினதென்டா, மாபிள் விளையாடக்கயும் ஏன் உம்மா அப்பிடி எழும்புறான்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நாலு எழுத்துப் படித்தால் எல்லாரிலும் நோய் தெரியுமா என்று நான் அவள் வாயை அடைத்தேன். நம் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை, சத்தமாகப் பேசத் தெரியாதவள், அதன்பிறகு எட்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.

போன மாதம் பள்ளிக்கூடப் படியில் ஏற ஏலாமல் அங்கேயே குந்திவிட்டான். திருகோணமலைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அவனைத் தரையில் இருத்தி எழும்பச் சொன்னார், பார்த்துவிட்டு இரத்தம் எடுத்தார். தசை கிழிந்தால் இரத்தத்தில் கசிகிற ஒன்று இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம், இவனுக்குப் பதினெட்டாயிரம். பரம்பரைப் பரிசோதனையும் அதையே சொன்னது. வாப்பாவுக்கு விளங்கவில்லை, நப்லாதான் கப்பல் கயிற்றை வைத்துச் சொன்னாள். தசையும் அப்படித்தானாம், பிரிக்குள் பிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய உறை. ஆகக் கடைசி இழைக்குள் இரண்டு வித நார்கள், இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி. நரம்பு ஏவியதும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நுழையும், தசை சுருங்கும், எலும்பு அசையும். அந்த நார்களை உறையோடு கட்டிவைக்க ஒரு புரதம் வேண்டும். நிப்றாஸின் உடம்பு அதைச் செய்வதில்லை. அவன் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் எங்கேயோ உறை கிழிகிறது, கிழிந்த இடத்தில் கொழுப்பு வந்து நிரம்புகிறது, கெண்டைக்கால் உருண்டு திரண்டு பலசாலியின் கால் மாதிரித் தெரிகிறது. வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சரியாக் கட்டாத கப்பல்தானே புள்ள, ஒவ்வொரு அலைக்கும் அடிபடும்" என்றார். அன்றிலிருந்து கதிரையில் குந்தியபடி தொழுகிறார், அவனுக்கும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறார்.

இந்த நோயைப் பெண்கள் தெரியாமல் சுமப்போம், ஆண் பிள்ளைகளில் வெளிவரும். எனக்குக் கூடப்பிறந்த ஆண்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். இருந்தான், றிஷானா. என் தம்பி சரீப், பத்து வயதில் நடை நின்றது, பதினேழில் மூச்சு நின்றது. படகிலிருந்து விழுந்து முதுகு போனதென்று ஊருக்குச் சொன்னோம், வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தோமே. நப்லாவுக்கு மூதூரிலிருந்து ஒரு கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது, அதை நினைத்துத்தான் டாக்டரிடமும் மறைத்தேன். பஸ் நிலையத்தில் தாங்க ஏலாமல் அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து டாக்டரிடமே திருப்பிக் கூட்டிப்போனாள்.

மகள், நாளைக்கென்று வைக்காதே. நஸ்ரியைக் கூட்டிப்போ, அந்த இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கு, அவர்கள் கேட்காவிட்டாலும் உன் மாமாவைப் பற்றிச் சொல். முழுதாக மாற்ற ஏலாதாம், ஆனால் நேரத்தோடு தொடங்கினால் நடக்கிற காலத்தை நீட்டலாமாம். ஒன்றுமில்லை என்று வந்தால் என்னை நன்றாக ஏசு, கேட்டுக்கொள்கிறேன். அல்லாஹ் உன் பிள்ளையின் ஒவ்வொரு அடியையும் காக்கட்டும், உனக்குப் பொறுமையைத் தரட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, உன்னையும் சோதிக்கச் சொல். போன கிழமை நீ, நஸ்ரியின் கெண்டைக்காலைப் பாருங்கள் உம்மா, மூன்று வயதில் எவ்வளவு தடிப்பு என்று சிரித்தாய். நான் மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றாய். லைன் கட்டாகவில்லை மகள், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உன் உம்மா,
நஜ்முன் நிஸா